வெள்ளுலோகமும் வீட்டுப் பட்டறையும்

மோட்டார் வண்டியின் எஞ்சினுள்ளே ஓசையின்றி உழைத்து, இறக்குந் தறுவாயில் மட்டும் ஓசையெழுப்பும் உறுப்பொன்று உண்டு. பிஸ்டனையும் கிராங்குத் தண்டையும் பிணைப்பது கனெக்டிங் றொட் என்னும் இருப்புக் கோல். அக்கோலின் அடிமுனை, தண்டைச் சுற்றி வளைத்துப் பிடிக்கும் இடத்திலே, மெல்லிய வெண்ணிற உலோகம் ஒன்று உட்புறமாகப் படிந்திருக்கும். பட்டறைக்காரர் அதனைப் பேரிங் என்பர். அது தேய்ந்துவிட்டால் வண்டி மேடேறும்போது உள்ளிருந்து யாரோ சுத்தியலாற் தட்டுவது போன்ற ஒலி கேட்கும். அவ்வொலியைக் கேட்டும் கேளாதவர்போல் வண்டியைச் செலுத்தினால், கோல் முறிந்து எஞ்சினின் பக்கச் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே வருதலும் உண்டு.

இருப்புத் தண்டு சுழலும் இடத்தில் இருப்பினும் வலிய உலோகத்தையன்றோ வைத்தல் வேண்டும் என்று கேட்கத் தோன்றும். உண்மை அதற்கு நேர்மாறானது. எண்ணெயோடு கலந்து வரும் மணற்றுகளொன்று வலிய உலோகத்தின்மீது தங்குமாயின், அது தண்டைக் கீறிக்கொண்டே இருக்கும். மெல்லிய உலோகமோ அத்துகளைத் தன் உடம்பினுள்ளே வாங்கி அமிழ்த்திவிடும். எண்ணெய் அற்றுப்போய் உராய்வு மிகுந்தால், தான் உருகி ஓடித் தண்டைக் காக்கும். தண்டு விலை மிக்கது, பூச்சு மலிவானது. மலிவானது அழிந்து விலைமிக்கது பிழைக்கும்படி எண்ணிச் செய்த ஏற்பாடு இது.

இதனைக் கண்டவர் எஞ்சினியரல்லர், பொற்கொல்லர் தொழில் பயின்ற ஒருவர். ஐக்கிய அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்துத் தோன்ரன் என்னும் ஊரிற் பிறந்த ஐசக் பாபிற் என்பவர் 1839ஆம் ஆண்டில் இதற்கு உரிமைப் பத்திரம் பெற்றார். வெள்ளீயத்தோடு சிறிதளவு அந்திமனியும் செம்புஞ் சேர்த்து உருக்கிய கலவை அது. இப்பொழுது பெருவழக்கிலுள்ள கலவையொன்றில் நூற்றுக்கு 89 பங்கு வெள்ளீயம், 7.5 பங்கு அந்திமனி, 3.5 பங்கு செம்பு. வெள்ளீயத்தின் மென்மையினூடே மற்றிரண்டும் வலிய பளிங்குகளாய் நின்று பாரத்தைத் தாங்குகின்றன. அமெரிக்கக் காங்கிரசு பாபிற்றுக்கு 20,000 டொலர் பரிசளித்தது. புகைவண்டிச் சில்லுகளுக்கும் ஆலை இயந்திரங்களுக்கும் பயன்பட்ட இவ்வுலோகம், அரை நூற்றாண்டுக்கும் மேலான காலங் கழித்தே மோட்டார் வண்டியுட் புகுந்தது.

அதனை வீட்டு முற்றத்துக்குக் கொண்டுவந்தது ஹென்றி போர்ட்டின் மொடல் ரி வண்டியே எனலாம். 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட வண்டிகள் விற்பனையாயின. அவற்றுட் பல, பட்டறையொன்றும் அருகில் இல்லாத கமக்காரரின் கைகளிற் சேர்ந்தன. ஆகவே வண்டியைச் சீர்செய்தலும் உழவனின் வேலைகளுள் ஒன்றாயிற்று.

அவ்வண்டியில் எண்ணெயை அழுத்தித் தள்ளும் பம்பி எதுவும் இல்லை. பின்புறத்திற் சுழலும் பெருஞ்சில்லு அடித்தொட்டியிலுள்ள எண்ணெயை அள்ளி வீசும். அவ்வாறு தெறிப்பதில் ஒரு பகுதி சிறு குழாயொன்றின் வழியே முன்புறத்துக்கு ஓடும். பின்னர் கோல்கள் தாமே எண்ணெயிற் தோய்ந்து தம் தாகத்தைத் தீர்த்துக்கொள்ளும். வண்டி நெடிய மேட்டில் ஏறும்பொழுது எண்ணெயெல்லாம் பின்னோக்கி வழிந்துவிடும். முன்புறக் குழாயிலும் அழுக்கு அடைத்திருந்தால் முதலாவது சிலிண்டரின் பேரிங்குக்கு அன்று கேடுகாலம். எண்ணெயின் அளவை அறியும் வழியோ, வண்டியின் கீழே தவழ்ந்து சென்று மேலொன்று கீழொன்றாய் அமைந்த இரண்டு சிறு திருகு குழாய்களைத் திறந்து பார்ப்பது. சோம்பேறிகளுக்கு ஏற்ற வண்டியன்று அது.

நான்கு சிலிண்டர்களுள் நோயுற்றது எது? அதனை அறியும் முறை மிக எளியது. ஓட்டுநரின் எதிரே மரப்பெட்டியொன்றில் நான்கு சுருள்கள் வண்டுபோல் இரைந்துகொண்டிருக்கும். ஒவ்வொன்றின் அதிர்தகட்டையும் விரலால் அமுக்கினால் அதற்குரிய சிலிண்டரிற் பொறி எழாது. எதனை அமுக்கும்போது தட்டொலி தணிகின்றதோ, அதுவே பழுதுற்றது. வைத்தியர் நாடி பிடித்துப் பார்ப்பதை இது நினைவூட்டும்.

இனிச் சிகிச்சை. இதனைப் போர்ட் கொம்பனியே தன் கைந்நூலில் உடைமையாளருக்குக் கற்பித்தது. எஞ்சினை வெளியே தூக்கவேண்டியதில்லை. எண்ணெயை வடித்து, அடித்தட்டைக் கழற்றினால் கோல்களின் அடிமுனைகள் கண்ணுக்குத் தெரியும். மூடியைக் கழற்றி அதன் இரு முனைகளையும் அரத்தால் மிகச் சிறிதளவு அராவுதல் வேண்டும். அராவிய அளவுக்கு மூடி மேலெழும்பி, தேய்ந்த இடைவெளி குறையும். மூடியிலும் கோலிலும் குத்தியுள்ள புள்ளிகள் ஒத்திருக்கும்படி பூட்டி, முன்புறக் கைபிடியாற் சுழற்றி இறுக்கத்தைச் சோதித்தல் வேண்டும். கைதேர்ந்தவர் மூடியின் பக்கங்களைச் சுத்தியலால் மெல்லத் தட்டியே பொருத்தத்தை அறிந்துகொள்வர். ஒன்றைச் சோதித்தபின் அதனைத் தளர்த்திவிட்டே அடுத்ததற்குச் செல்லவேண்டும். இல்லாவிடின் எவ்விறுக்கம் எதனுடையது என்பது தெரியாமற் போய்விடும். எல்லாம் முடிந்தபின் பின்சில்லுகளை நிலத்தினின்று உயர்த்தி வைத்து, இரண்டு மணி நேரம் எஞ்சினை மெதுவாக ஓடவிடுதல் நலம். அளவுக்கு மீறி இறுக்கினால் வெள்ளுலோகம் விரைவிலேயே வெந்து உதிரும் என்ற எச்சரிக்கையும், கூடுமானவரை தேர்ந்த கைவினைஞரைக் கொண்டே செய்விக்கவேண்டும் என்ற அறிவுரையும் அக்கைந்நூலில் உண்டு. முற்றாக அழிந்த கோலைத் திருப்பியனுப்பினால், ஒன்றுக்கு 75 சதம் பெற்றுக்கொண்டு புதுப் பூச்சிட்ட கோலொன்று தரும் ஏற்பாடும் இருந்தது. செய்யும் முறையையுஞ் சொல்லி, செய்ய இயலாதவனுக்கு வழியுங் காட்டிய அந்நேர்மை எனக்குப் பெரிதும் பிடித்தமானது.

பூச்சையே புதிதாக வார்க்க முயன்றவர்களும் உளர். நம் ஊர்களிற் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதைக் கண்டவர்களுக்கு முதற்படி புதிதாகத் தோன்றாது. கோலின் உட்புறத்தைத் துப்புரவாக்கிச் சூடேற்றி, முதலில் ஈயப் படலம் ஒன்றைப் பிடிக்கச் செய்வர். நடுவே தண்டின் பருமனை ஒத்த உருளையை நிறுத்தி, உலோகம் அதில் ஒட்டாதிருக்க விளக்குப் புகையைப் பூசுவர். உருகிய கலவையிலே மரக்குச்சியைத் தோய்த்து, குச்சி கருகும் விதத்தைக் கொண்டு பதம் பார்த்து, இடையில் நிறுத்தாமல் ஒரே ஊற்றாக வார்ப்பர். அகப்பையிலோ அச்சிலோ ஒரு துளி நீர் இருந்தாலும் அது நொடியில் ஆவியாகிக் கொதிக்கும் உலோகத்தை முகத்தில் வாரியடிக்கும். ஆறியபின் தண்டில் நீலச்சாயம் தடவிப் பொருத்திச் சுழற்றி, சாயம் ஒற்றிய மேடுகளை மட்டும் சுரண்டியாற் சுரண்டவேண்டும். மீண்டும் பொருத்தல், மீண்டும் சுரண்டல். பொறுமை இருந்தால் ஒரு நாளில் முடியும்.

இந்த நுட்பத்தை வீட்டிலிருந்து விலக்கியது ஒரு மெல்லிய ஓடு. உருக்குப் பட்டையின்மேல் வெள்ளுலோகத்தைப் படியச்செய்து, அரைவட்டமாக வளைத்து, ஆயத்தமாக விற்கும் முறையை அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரத்து நிறுவனமொன்று வளர்த்தது. 1930ஆம் ஆண்டுகளில் அதற்கான உரிமத்தைப் பெற்று இங்கிலாந்திலே தொழிற்சாலை நிறுவியவர் ரொனி வண்டர்வெல். தம் பெயரின் முற்பகுதியையும் ‘தின்வோல்’ என்ற தம் ஓட்டின் பெயர்ப் பிற்பகுதியையும் இணைத்து அவர் ‘வான்வோல்’ என்று பெயரிட்ட பந்தய வண்டி, 1958இல் முதன்முறையாக வழங்கப்பெற்ற தயாரிப்பாளருக்கான உலகப் பட்டத்தை வென்றது. ஓடு வந்தபின் வார்த்தலும் சுரண்டலும் வேண்டாவாயின. பழையதைக் கழற்றிப் புதியதை வைத்தாற் போதும். ஆனால் மூடியை அராவுதல் மட்டும் கூடவே கூடாது என்று பிரித்தானிய வண்டிகளின் கைந்நூல்கள் கண்டிப்பாகத் தடை செய்தன. ஒரு தலைமுறை கற்ற வித்தை மறு தலைமுறைக்குக் குற்றமாயிற்று. வேலை இலகுவானது உண்மையே. அதற்கு ஈடாக, கடையில் ஓடு கிடையாத நாளில் உடைமையாளன் கையறு நிலையில் நிற்கவேண்டியதாயிற்று.

அத்தகைய நாள்கள் நம் நாட்டின் வடபகுதியில் வந்தன. 1990ஆம் ஆண்டில் யுத்தம் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோல் செல்வதும் உதிரிப்பாகங்கள் செல்வதும் தடைப்பட்டன. அக்காலத்தில் வீதியில் ஓடியவை பெரும்பாலும் ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர் போன்ற பழைய பிரித்தானிய வண்டிகளே. சிறிதளவு பெற்றோலைக் கொண்டு எஞ்சினைத் தொடக்கிச் சூடேற்றி, பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினர். அம்மண்ணெண்ணெயும் தட்டுப்பாடாகவே இருந்தது. விலையும் மிக அதிகம். அழுத்த விகிதம் குறைந்த பழைய எஞ்சின்களாதலால் அவை அதனை ஏற்றுக்கொண்டன. 1917இல் வெளிவந்த போர்ட்சன் உழவு இயந்திரம் இதே முறையில் ஓடியதேயாகும். ஆயினும் அதிலே புகைபோக்கியின் வெப்பத்தால் மண்ணெண்ணெயை ஆவியாக்கும் தனி உறுப்பு இருந்தது. பெற்றோலுக்கென்றே அமைந்த காரில் அஃது இல்லை.

இங்கேதான் நமது பேரிங்குக்கு ஆபத்து நேர்கின்றது. ஆவியாகாத மண்ணெண்ணெய் எரியாமல் எஞ்சி, பிஸ்டன் வளையங்களைத் தாண்டி வழிந்து, அடித்தொட்டியிலுள்ள எண்ணெயோடு கலந்துவிடும். எண்ணெய் நீர்த்துப்போய்த் தண்டுக்கும் வெள்ளுலோகத்துக்கும் இடையே நிற்க வலுவற்றதாகும். இதில் ஒரு வஞ்சகமும் உண்டு. அளவுகோலை இழுத்துப் பார்த்தால் எண்ணெய் குறைந்திராது. சில வேளைகளிற் கூடியுமிருக்கும். அதனைக் கண்டு மகிழ்பவன் விரைவில் தட்டொலி கேட்பான். அளவுகோலின் நுனியை மூக்கருகே பிடித்து மண்ணெண்ணெய் மணம் வீசுகிறதா என்று முகர்ந்து பார்ப்பவனே, எண்ணெயை வடித்துவிடவேண்டிய நாளைக் காலத்தோடு அறிவான்.