இப்னு (செமித்தியச் சொல்)

இப்னு என்பது அரபு மொழியில் "மகன்" எனப் பொருள்படும் சொல் ஆகும். மகன் பெயருக்கும் தந்தை பெயருக்கும் இடையில் வரும்போது இது பொதுவாக "பின்" என ஒலிக்கிறது. மொரோக்கோ, அல்சீரியா, துனீசியா ஆகிய நாடுகளில் "பென்" என வழங்குகிறது. மகளைக் குறிக்கும் சொல் "பின்த்". எபிரேய மொழியின் "பென்", அரமேய மொழியின் "பர்" ஆகியவை இதன் உறவுச் சொற்கள். வாரிசுரிமை, குலம், ஆட்சியுரிமை ஆகிய மூன்றும் தந்தை வழியைச் சார்ந்திருந்த சமூகங்களில், ஒருவரின் பெயரில் இச்சொல்லுக்குப் பின் எந்தப் பெயர் வருகிறது என்பது அவருடைய வாழ்வையே தீர்மானித்தது.

உறவு மொழிகளில்

செமித்திய மொழிகள் இச்சொல்லைப் பொறுத்தவரை இரு பிரிவாக நிற்கின்றன. உகாரித்து, பினீசியம், எபிரேயம், சபேயம், அரபு ஆகியவற்றில் சொல்லின் இறுதியில் னகரம் உள்ளது. அரமேயத்திலும், தென் அரேபியாவில் இன்றும் பேசப்படும் மெஃகிரி போன்ற மொழிகளிலும் ரகரம் உள்ளது. ஆயினும் அரமேயத்தில் "மகன்கள்" என்பதற்குரிய பன்மைச் சொல் "பெனீன்" என னகரத்தோடே வருகிறது. இதனால் இரண்டும் ஒரே மூலத்தைச் சேர்ந்தவை என்பது தெளிவு. எபிரேயத்தில் மகளைக் குறிக்கும் "பத்" என்ற சொல்லில் னகரம் அடுத்த தகரத்தோடு ஒன்றி மறைந்துவிட்டது.

எல்லாச் செமித்திய மொழிகளும் இச்சொல்லையே முதன்மையாகக் கொள்ளவில்லை. அக்காதியத்தில் "மாரு" என்பதே பெருவழக்கு. எத்தியோப்பியாவின் கீயசு மொழி, அரபியின் "வலது" (பிள்ளை) என்பதற்கு உறவான "வல்து" என்பதைக் கொண்டது.

கல்வெட்டுகளில்

எழுத்தில் இச்சொல் பேச்சிலிருந்து விலகி நின்றதும் உண்டு. இன்றைய துருக்கியின் தென்பகுதியில் இருந்த சமால் நாட்டின் அரசன் கிலமுவா, கி.மு. 9ஆம் நூற்றாண்டில் பினீசிய மொழியில் ஒரு கல்வெட்டைப் பொறித்தான். அதில் தன்னைத் தந்தையின் மகன் எனக் கூறும் இடத்தில் மட்டும் அரமேயத்தின் "பர்" இடம்பெறுகிறது.

இதைப் போன்றதே சிரியாவின் நமாரா கல்வெட்டு. கி.பி. 328இல் பொறிக்கப்பட்ட இது, அரபியர் அனைவரின் அரசன் எனத் தன்னைக் கூறிக்கொண்ட இம்ருல் கைசின் கல்லறைக்கு உரியது. தற்போது பாரிசின் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ளது. இதன் மொழி அரபு, எழுத்து நபாத்தியம். ஆயினும் "அம்ரின் மகன்" என்பது அரமேய வழக்கில் "பர்" என்றே எழுதப்பட்டுள்ளது. நபாத்திய எழுத்தர்கள் நெடுங்காலம் அரமேயத்தில் எழுதிவந்ததால் இந்த மரபு நிலைத்தது. எழுதியது "பர்" என்றாலும் படித்தது "இப்னு" என்றே இருக்கலாம் என அறிஞர் சிலர் கருதுகின்றனர். நபாத்திய எழுத்திலிருந்தே அரபு எழுத்து வளர்ந்தது. கி.பி. 568ஆம் ஆண்டைச் சேர்ந்த ஹர்ரான் கல்வெட்டிலும் "பர்" தொடர்கிறது. எகிப்தில் 643இல் அரபியிலும் கிரேக்கத்திலும் எழுதப்பட்ட பாப்பிரசு ஆவணத்தில் "இப்னு" என்பதே காணப்படுகிறது.

பர் கொக்பா

உரோமப் பேரரசுக்கு எதிராக 132–135இல் யூதேயாவில் நடந்த கிளர்ச்சியின் தலைவர் வரலாற்றில் பர் கொக்பா, அதாவது "விண்மீனின் மகன்", என அறியப்படுகிறார். சாக்கடல் அருகிலுள்ள குகைகளில் 20ஆம் நூற்றாண்டில் கிடைத்த கடிதங்கள் அவருடைய இயற்பெயரைக் காட்டின. எபிரேயக் கடிதங்களில் அவர் சிமோன் பென் கொசிபா. அரமேயக் கடிதங்களில் சிமோன் பர் கொசிபா. கிளர்ச்சி தோற்றபின் யூத மறைநூல் மரபு ஓர் எழுத்தை மாற்றி அவரை "பர் கொசீபா", அதாவது "பொய்யின் மகன்", எனப் பதிவு செய்தது.

இசுலாமிய வரலாற்றில்

முகம்மது நபி வளர்ப்பு மகனாக ஏற்ற சைது, தொடக்கத்தில் சைது இப்னு முகம்மது என அழைக்கப்பட்டார். வளர்ப்புப் பிள்ளைகளை அவர்களுடைய சொந்தத் தந்தையரின் பெயராலேயே அழைக்க வேண்டும் எனக் குர்ஆன் விதித்தபின், அவர் மீண்டும் சைது இப்னு ஹாரிதா ஆனார். குர்ஆனில் இயேசு, தந்தை பெயரின்றி, "ஈசா இப்னு மர்யம்" எனத் தாயின் பெயரால் குறிக்கப்படுகிறார்.

தந்தை யார் என்பது உறுதியாகத் தெரியாத சியாது என்பவர் "இப்னு அபீஹி", அதாவது "தன் தந்தையின் மகன்", என அழைக்கப்பட்டார். அவர் திறமைமிக்க ஆட்சியாளர். அலீயின் மறைவுக்குப் பிறகும் பாரசீகப் பகுதியில் பணியாமல் இருந்த அவரைத் தம் பக்கம் ஈர்த்த உமையாக் கலீபா முஆவியா, 665இல் அவரைத் தம் தந்தை அபூ சுப்யானின் மகன் என அறிவித்தார். இதனால் சியாது கலீபாவின் உடன்பிறப்பும் குறைசிக் குலத்தவரும் ஆனார். பின்னர் ஈராக்கு முழுவதையும் ஆண்டார். பலர் இதனை ஏற்கவில்லை. ஒரு நூற்றாண்டுக்கும் மேலான பின், அப்பாசியக் கலீபா அல்-மஃதி (ஆட்சி 775–785) சியாதின் வழித்தோன்றல்களைக் குறைசிகளின் பதிவேட்டிலிருந்து நீக்கினார்.

குடும்பப் பெயராக

இப்னு எப்போதும் தந்தையையே சுட்டுவதில்லை. தொலைவான முன்னோர் ஒருவரையும் சுட்டலாம். மருத்துவ அறிஞர் இப்னு சீனாவின் தந்தை அப்துல்லா; சீனா என்பது முன்னோரின் பெயர். இடைக்கால எசுப்பானியாவில் இப்னு என்பது "அபென்", "அவென்" எனத் திரிந்ததால், இலத்தீனில் இப்னு சீனா அவிசென்னா எனவும் இப்னு ருசிது அவெரோசு எனவும் ஆயினர். 1340களில் மதுரை சுல்தானகத்துக்கு வந்த பயணி இப்னு பதூதாவும் குடும்பப் பெயராலேயே அறியப்படுகிறார்.

பிற பொருள்கள்

அரபியில் "பாதையின் மகன்" என்பது வழிப்போக்கரைக் குறிக்கும். "இப்னு ஆவா" என்பது குள்ளநரி. எபிரேயத்தில் இருபது வயதினரை "இருபதின் மகன்" என்பர். அரமேயத்தின் "பர் எனாசு" மனிதன் எனப் பொருள்படும். தமிழ் விவிலியத்தின் "மனுஷகுமாரன்" என்னும் சொல்லாட்சி இவ்வழக்கின் நேர் மொழிபெயர்ப்பு. பர்த்தொலொமேயு, பரபாஸ் ஆகிய விவிலியப் பெயர்களின் முற்பகுதியும் இந்தப் "பர்" ஆகும்.

தற்காலப் பயன்பாடு

இசுரேலின் முதல் பிரதமர் டேவிட் பென்-குரியன், குரூன் என்ற குடும்பப் பெயரை விடுத்து எபிரேயப் பெயரை ஏற்றவர். மலேசியாவில் முசுலிம்களின் பெயர்களில் பின், பிந்தி ஆகியவை இடம்பெறுகின்றன. அங்குள்ள தமிழ் இந்துக்களின் ஆவணங்களில் அதே இடத்தில் மகன் எனப் பொருள்படும் "அனாக் லெலாக்கி" என்ற மலாய்த் தொடரின் சுருக்கம் எழுதப்படுகிறது.