'இங்கே வா': சொற்பட்டியலை எழுதுவது யார்?

19ஆம் நூற்றாண்டில் கொழும்பில் ஒரு சிறு கையேடு அச்சானது. பெயர் 'இங்கே வா'. தோட்டத்துக்குப் புதிதாக வந்த வெள்ளைக்காரச் சின்னதுரைகள் சட்டைப்பையில் வைத்துத் தமிழ் பழக எழுதப்பட்டது. 1915இல் 'கூலித் தமிழ்' என்று இன்னொரு நூல். தேயிலை, ரப்பர் தோட்டத் தொழிலாளர்களின் பேச்சைத் துரைமாருக்குச் சொல்லித் தந்தது. வளர்ந்தவர்களுக்கு வேற்றுமொழிச் சொற்களைக் கற்பித்த பாடநூல்கள்தான் இவையும். முதல் நூலின் பெயரைப் பாருங்கள். அது ஓர் ஏவல். 'வாங்க' கூட இல்லை, 'வா'.

அந்தத் தோட்டங்களுக்குக் கப்பலேறியவர்களில் நம் சேலம் மாவட்டத்து மக்களும் உண்டு. பெரும்பாலோர் தலித்துகள். சேர்வராயன் மலைக்கும் காப்பி வந்தது வெள்ளையர் கையால்தான். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் ஏற்காட்டில் அதை அறிமுகப்படுத்தினார். துரைக்கு ஏவுவதற்கான தமிழ் புத்தகமாகக் கிடைத்தது. தொழிலாளிக்குக் கேள்வி கேட்பதற்கான ஆங்கிலத்தை யாரும் அச்சடித்துத் தரவில்லை.

ஏற்காட்டில் தோட்டத்துப் பெண்களுக்கு மாலை வகுப்பு எடுக்கப் போனபோது நானும் 'ஆப்பிள், பால்' என்றுதான் தொடங்கினேன். இரண்டாம் நாள் ஓர் அக்கா, முந்தானையில் முடிந்திருந்த சம்பளச் சீட்டை நீட்டினார். "இதுல என்ன போட்டிருக்குன்னு மொதல்ல சொல்லிக் குடு கண்ணு."

அன்றிலிருந்து அந்தச் சீட்டுதான் எங்கள் பாடநூல். அட்டெண்டன்ஸ், பி.எஃப்., போனஸ் எல்லாம் அவர்கள் காதுக்குப் பழகிய சொற்கள். எழுத்தில் அடையாளம் காண்பதுதான் பாக்கி. டிடக்‌ஷன் என்றால் பிடித்தம் என்று தெரிந்ததும் ஒருவர் விரலால் தொட்டுக் கேட்டார், "இது எதுக்குப் புடிச்சாங்க?" கிராஜுவிட்டியில் இன்னும் நேரமானது. ஐந்து வருடம் தொடர்ந்து வேலை செய்தவர் விலகும்போது, வருடத்துக்கு 15 நாள் கூலி என்ற கணக்கில் பணிக்கொடை தர வேண்டும் என்று 1972 சட்டம் சொன்னது. அந்தச் சொல்லே தெரியாதவர் அதை எப்படிக் கேட்பார்?

இது நாங்கள் கண்டுபிடித்த முறை அல்ல. 1963இல் பிரேசிலின் அங்கிகோஸ் ஊரில் பாவ்லோ ஃபிரெய்ரே, சுமார் 300 பேருக்கு 40 மணி நேரத்தில் எழுத்தறிவு தர முனைந்தார். அவர்கள் வாழ்க்கையில் புழங்கிய சொற்களிலிருந்தே பாடத்தைத் தொடங்கினார். எழுத்தோடு சேர்த்து, அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருக்கும் நிலைமையையும் பேசவைத்தார். அடுத்த ஆண்டு இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. ஃபிரெய்ரே சிறை வைக்கப்பட்டார். சொல் கற்பிப்பதை அதிகாரம் எப்படிப் பார்க்கிறது என்பதற்கு இது போதும்.

ஆகவே மாலை வகுப்பு எடுக்கும் தோழர்களே, பாடநூலைத் திறக்கும் முன் அவர்களிடம் இருக்கும் சீட்டுகளை வாங்கிப் பாருங்கள். சம்பளச் சீட்டு, மருந்துச் சீட்டு, வங்கிப் புத்தகம். நாளைக்கு ஐந்து சொல் போதும். ஒவ்வொரு சொல்லையும் ஒரு கேள்வியில் வைத்துப் பழக்குங்கள். எங்கள் வகுப்பில் அந்த அக்கா முதலில் பிழையின்றிச் சொன்ன ஆங்கில வாக்கியம்: "வொய் திஸ் டிடக்‌ஷன்?"