அருவருப்பின் இலக்கணம்: ஓர் ஆங்கில வினைச்சொல் குறித்துச் சில குறிப்புகள்

அருவருப்பை உணர்த்தும் வினைகள் ஆங்கிலத்திற் பல உள. 'லோத்' பகைமைப் பொருளுடைய பழைய ஆங்கில அடியிற் பிறந்தது. 'அப்ஹோர்' இலத்தீனில் மயிர் சிலிர்த்துப் பின்வாங்குதலையும், 'டிடெஸ்ற்' தெய்வத்தைச் சாட்சிக்கழைத்துச் சபித்தலையும் குறித்தன. 'டிஸ்கஸ்ற்' இவற்றுக்குப் பிந்தியது. சுவை எனப் பொருள்படும் இலத்தீன் அடியிலிருந்து தோன்றி, பிரெஞ்சு, இத்தாலிய மொழிகளின் தொடர்பால் 16 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே அது ஆங்கிலத்தில் வழக்கூன்றத் தொடங்கியது. சேக்ஸ்பியரின் நாடகங்களில் இச்சொல் இல்லை. நோயும் அழுகலும் நாற்றமும் மலிந்த அந்நாடகங்கள் இச்சொல்லின்றியே இயங்கின என்பது சிந்திக்கத்தக்கது.

எமது கவனத்துக்குரியது இவ்வினையின் தொடரமைப்பாகும். 17 ஆம் நூற்றாண்டில், 'அவன் அதனை அருவருத்தான்' என நாம் தமிழிற் கூறுவது போல, மனிதர் எழுவாயாக நிற்கும் அமைப்பு வழங்கியது. பொருளே எழுவாயாகி மனிதருக்கு அருவருப்பூட்டும் அமைப்பும் உடன் இருந்தது. காலப்போக்கில் முன்னையது வழக்கொழிய, பின்னையது நிலைத்தது. உணர்பவரின் உணர்ச்சி, உணரப்படும் பொருளின் குணமாகத் தோற்றங் கொண்டது.

இம்மாற்றத்தை முதலாளி வர்க்கத்தின் எழுச்சியோடு நேரடியாக முடிச்சிட எம்மிற் சிலர் விழையக்கூடும். அது இயந்திரப் பாங்கான முடிபாகும். 'லைக்' என்னும் வினை இதற்கு நேர்மாறான திசையிற் சென்றது. பொருள் மனிதருக்கு உவப்பளித்த பழைய அமைப்பு மறைந்து, மனிதர் பொருளை விரும்பும் அமைப்பு நிலைபெற்றது. இலக்கணம் தனித்துச் சான்றாகாது. வழக்கையே நோக்குதல் வேண்டும்.

உணர்ச்சி வெளிப்பாடு பற்றி 1872 இல் வெளியிட்ட நூலில் டார்வின் இச்சொல்லைச் சுவையோடு தொடர்புபடுத்தியே விளக்கத் தொடங்குகிறார். அங்கே தியெரா தெல் பூகோவில் நிகழ்ந்த ஒரு சம்பவம் வருகிறது. அவர் உண்டுகொண்டிருந்த பதப்படுத்திய இறைச்சியைச் சுதேசி ஒருவர் விரலால் தொட்டு, அதன் மென்மை கண்டு அருவருத்தார். அவர் தொட்டமையால் டார்வினும் அருவருத்தார். அக்கைகள் அழுக்காகத் தோன்றவில்லை என்பதையும் டார்வினே பதிவுசெய்கிறார். இந்நேர்மை பாராட்டத்தக்கது. ஒருவர் அருவருத்தது உணவை. மற்றவர் அருவருத்தது மனிதரை. இரண்டுக்கும் அவர் ஒரே சொல்லையே பயன்படுத்தினார்.

சொந்த நாட்டுத் தொழிலாளர் மீதும் இவ்வுணர்ச்சி பாய்ந்ததை ஜோர்ஜ் ஓர்வெல் 1937 இல் வெளிவந்த 'த ரோட் டு விகன் பியர்' நூலில் வெளிப்படையாக எழுதினார். கீழ்வர்க்கத்தினர் நாறுவர் எனத் தம்போன்ற நடுத்தர வர்க்கக் குழந்தைகளுக்குக் கற்பிக்கப்பட்டது என்றார் அவர். இடதுசாரி நூற்கழகப் பதிப்பின் முன்னுரையில் வெளியீட்டாளர் விக்ரர் கொலான்ஸ் நூலின் இரண்டாம் பகுதியோடு தமக்கிருந்த கருத்து வேறுபாடுகளைத் தெரிவிக்க வேண்டியதாயிற்று. விமர்சகர் பலர் இவ்விவாதத்தையே பெரிதுபடுத்துவர். அதே நூலின் முற்பகுதியில், நிலக்கரித் தூசியோடு வீடு திரும்பும் சுரங்கத் தொழிலாளரின் வீடுகளிற் பெரும்பாலானவற்றிற் குளியலறையே இல்லாதிருந்ததையும் ஓர்வெல் எழுதியிருந்தார்.