கடையில் இல்லாத கவுன்: ஒரு ஜெர்மன் ஃபேஷன் பத்திரிகையும் மாஸ்கோ தையல் மிஷினும்

போன மாசம் ஆன்லைனில் ஒரு பழைய பத்திரிகை வாங்கினேன். 'புர்டா மோடன்'னு பேரு. 1980களில் மேற்கு ஜெர்மனியில் அச்சான ஃபேஷன் பத்திரிகை. எனக்கு ஜெர்மன் ஒரு எழுத்துகூடத் தெரியாது. சும்மா படம் பார்க்கத்தான் வாங்கினேன். தோளில் பெரிய பெரிய பேடு வெச்ச கோட்டு, இடுப்பில் அகலமான பெல்ட்டுன்னு அந்தக் காலத்துக்கே உரிய ஸ்டைல்.

புரட்டிக்கிட்டே இருக்கும்போது நடுவிலிருந்து மடிச்ச பேப்பர் ஒண்ணு கீழே விழுந்தது. பிரிச்சேன். பிரிக்கப் பிரிக்க வந்துக்கிட்டே இருந்தது. கட்டிலில் பாதியை மறைச்சிடுச்சு. அதில் சிவப்பு, நீலம், பச்சை, கறுப்புன்னு கோடு மேல கோடு. நாலஞ்சு ஊர் ரயில்வே மேப்பை ஒரே தாளில் அச்சடிச்ச மாதிரி. இதை வெச்சு என்ன பண்றதுன்னு முழிச்சுக்கிட்டு இருந்தேன்.

அம்மா வந்து எட்டிப் பார்த்தாங்க. அவங்க வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறவங்க. தாளோட ஓரத்தில் இருந்த ஒரு எண்ணைத் தொட்டு, அங்கிருந்து நேரா மேல விரலை நகர்த்தி, ஒரு சிவப்புக் கோட்டைப் பிடிச்சாங்க. "இது கைடி. பக்கத்துல இருக்கறது முதுகு. இங்க டாட் பிடிக்கணும்." முடிஞ்சது. ரெண்டே நிமிஷம். அவங்களுக்கும் ஜெர்மன் தெரியாது.

இன்னிக்கு எபிசோடு இந்தத் தாளைப் பத்தித்தான். ஏன்னா, ஒரு காலத்தில் பாதி ஐரோப்பாவில் பெண்கள் ஃபேஷன் பத்திரிகையோட புது இதழுக்காகக் காத்துக் கிடந்ததுக்கு, அதில் இருந்த படங்களைவிட இந்தத் தாள்தான் பெரிய காரணம்.

கதை தொடங்குற இடம் ஓஃபன்புர்க். ஜெர்மனியின் தென்மேற்கில், பிரான்ஸ் எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிற சின்ன ஊர். அங்கே 1909-ல் ஒரு ரயில் எஞ்சினில் கரி போடும் தொழிலாளியின் மகளாகப் பிறந்தவர் என்னே புர்டா. ஆமா, பேரே 'என்னே'தான். கல்யாணம் பண்ணிக்கிட்டது ஃப்ரான்ஸ் புர்டாவை. அச்சகக் குடும்பம். மூணு பையன்கள். 1949-ல் அவருக்கு ஒரு விஷயம் தெரிய வருகிறது. கணவருக்கு வேறொரு பெண்ணோடு உறவு இருந்தது. அது மட்டும் இல்லை, பக்கத்தில் லார் என்ற ஊரில் அந்தப் பெண்ணுக்காக ஒரு ஃபேஷன் பதிப்பகமே வெச்சுக் கொடுத்திருந்தார் மனுஷன்.

என்னே விவாகரத்து கேட்கலை. பதிப்பகத்தைக் கேட்டார். கடனில் மூழ்கிக் கிடந்த அந்தப் பதிப்பகத்தை எடுத்து, ஓஃபன்புர்க்குக்குக் கொண்டுவந்து, 1950 ஜனவரியில் 'புர்டா மோடன்' முதல் இதழை வெளியிட்டார். ஒரு லட்சம் பிரதி. இந்தக் கதையை 2018-ல் ஜெர்மன் தொலைக்காட்சியில் படமாவே எடுத்துட்டாங்க. அதனால பழிவாங்கும் கதையை இதோட விட்டுடுவோம். எனக்கு முக்கியமாப் படுறது அடுத்து அவர் செய்தது.

அந்த நேரத்து ஜெர்மனியைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. போர் முடிஞ்சு அஞ்சு வருஷம்கூட ஆகலை. புது நாணயம் வந்தது 1948-ல். பாரிஸில் கிறிஸ்டியன் டியோர் 1947-லேயே மீட்டர் மீட்டரா துணி பிடிக்கிற பாவாடைகளோட ஃபேஷனைத் திருப்பிப் போட்டுட்டார். ஆனா ஜெர்மனியில் ராணுவக் கம்பளியைப் பிரிச்சு கோட்டு தைச்ச பெண்கள் இருந்தாங்க. இவங்களுக்கு டியோர் படத்தைக் காட்டி என்ன பிரயோஜனம்? பெருமூச்சு விடலாம், அவ்வளவுதான்.

1952-லிருந்து புர்டா இதழோடு பேட்டர்ன் தாள் சேர்ந்து வர ஆரம்பித்தது. படத்தில் இருக்கிற உடையை உன் அளவுக்கு நீயே வெட்டிக்கலாம். இது என்னேவின் கண்டுபிடிப்பு இல்லை. பெர்லினில் 'டெர் பஸார்' என்ற பத்திரிகை 19-ம் நூற்றாண்டிலேயே இப்படித் தாள் கொடுத்தது. அதைப் பார்த்துத்தான் 1867-ல் அமெரிக்காவில் 'ஹார்ப்பர்ஸ் பஸார்' பிறந்தது. இன்னிக்கு உலகத்திலேயே பகட்டான ஃபேஷன் பத்திரிகைகளில் ஒண்ணான அது, தொடக்கத்தில் வீட்டில் தைக்கிறவங்களுக்குப் பேட்டர்ன் கொடுத்த பத்திரிகை! நூறு வருஷத்தில் அந்தப் பக்கம் கைவிட்ட வேலையை என்னே பெரிய அளவில் திரும்பப் பிடிச்சுக்கிட்டார். அறுபதுகளில் விற்பனை பத்து லட்சத்தைத் தாண்டியது.

தாள் எப்படி வேலை செய்யுதுன்னு சொல்லிடறேன், ஏன்னா பத்திரிகையின் வாசகிங்கிற வார்த்தைக்கே இங்கே வேற அர்த்தம். ஒரே தாளில் பல உடைகள், ஒவ்வொரு உடைக்கும் பல அளவுகள், எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு. உங்களோட கோடு சிவப்பா நீலமா, முழுக்கோடா புள்ளிக்கோடா என்று முதலில் பத்திரிகையில் பார்க்கணும். ஓரத்தில் இருக்கிற எண்ணைப் பிடிச்சு உள்ளே போகணும். மேலே ட்ரேசிங் பேப்பர் விரிச்சு அந்த ஒரு கோட்டை மட்டும் வரைஞ்சு எடுக்கணும். தாளை வெட்டவே கூடாது. வெட்டினா மத்த உடையெல்லாம் போச்சு. இன்னொண்ணு, புர்டா பேட்டர்னில் தையலுக்கு விட வேண்டிய துணி சேர்த்திருக்காது. ஒண்ணரை சென்டிமீட்டர் நாமதான் சுத்தி விட்டு வெட்டணும். நான் விடலை. அம்மா வீட்டில் இல்லாத நேரம் பார்த்து ஒரு டாப்ஸ் வெட்டினேன். அது என் தலைக்குள்ளேயே நுழையலை.

இப்போ எல்லையைத் தாண்டுவோம். 1949-லிருந்து ஜெர்மனி ரெண்டு நாடு. கிழக்கு ஜெர்மனிக்கும் ஒரு ஃபேஷன் பத்திரிகை இருந்தது. 'சிபில்லே'. 1956-ல் ஆரம்பித்தது, வருஷத்துக்கு ஆறு இதழ். தொடங்கிய சிபில்லே கெர்ஸ்ட்னரின் பெயரையே அதுக்கு வெச்சாங்க. இரண்டு லட்சம் பிரதி அச்சடிப்பாங்க. கடைக்கு வந்த வேகத்தில் தீர்ந்துடும். பத்திரிகை விநியோகம் முழுக்க அஞ்சல் துறை கையில். காகிதத்துக்குத் தட்டுப்பாடு, அதனால கூடுதலா அச்சடிக்கவும் முடியாது. கேட்கிறவங்களுக்கெல்லாம் சந்தாவும் கிடையாது.

கடைக்காரர் தெரிஞ்சவங்களுக்காகக் கல்லாவுக்கு அடியில் எடுத்து வெச்சிருப்பார். குனிஞ்சு எடுத்துக் கொடுப்பார். இப்படிக் கிடைக்கிற சரக்குக்கு கிழக்கு ஜெர்மானியர்கள் ஒரு பேரே வெச்சிருந்தாங்க: 'ப்யூக்வாரே', குனிஞ்சு எடுக்கிற சரக்கு. வாழைப்பழமும் அப்படித்தான், ஃபேஷன் பத்திரிகையும் அப்படித்தான். கிடைத்த ஒரு இதழ் தோழிகள், அக்கா தங்கைகள், ஆபீஸ் சகாக்கள் என்று கை மாறிப் போகும்.

சிபில்லேயின் படங்களை இன்னிக்குப் பார்த்தாலும் அசந்துடுவீங்க. ஆர்னோ ஃபிஷர், சிபில்லே பெர்க்மன், ஊட்டே மாஹ்லர் மாதிரி பெரிய புகைப்படக்காரர்கள் அதுக்காக வேலை செஞ்சாங்க. தெருவில், காரை பெயர்ந்த சுவருக்கு முன்னால், கடற்கரைக் காற்றில் நிற்கிற பெண்கள். சிரிச்சே ஆகணும்னு இல்லாத முகங்கள். அதுவே ஒருமுறை பிரச்சினை ஆச்சு. பால்டிக் கடற்கரையில் பெர்க்மன் எடுத்த ஒரு படத்தில் பெண்கள் ரொம்ப வாட்டமா இருக்காங்கன்னு, அச்சுக்குப் போகும் முன் உதட்டு ஓரங்களை மேல்நோக்கித் திருத்தினாங்க. இப்போ நம்ம போனில் இருக்கிற ஃபில்ட்டரை அரசாங்கம் கையால போட்ட மாதிரி.

இதில் ஒரு வேடிக்கை இருக்கு. பத்திரிகை அரசாங்கத்தோடது. துணி ஆலைகள் அரசாங்கத்தோடது. கடைகளில் பெரும்பாலானதும் அப்படியே. ஆனா பத்திரிகையில் வர்ற உடை கடையில் இருக்காது! வேணும்னா தைச்சுக்கணும். அதுக்கும் துணி கிடைக்கணும். பெட்ஷீட்டை வெட்டினாங்க. குழந்தைக்குக் கட்டுற மெல்லிய துணியை வாங்கி, சாயம் போட்டு, சட்டை தைச்சாங்க.

மேற்கிலிருந்து புர்டாவும் உள்ளே வந்தது. சொந்தக்காரங்க அனுப்பற பார்சலில் அச்சடிச்ச பத்திரிகை வைக்கக்கூடாது, அது சட்டம். ஆனா 1964-லிருந்து ஓய்வூதியம் வாங்கும் முதியவர்கள் மேற்கு ஜெர்மனிக்குப் போய்வர அனுமதி கிடைத்தது. வேலை செய்யற வயசு தாண்டியவங்க திரும்பி வராட்டாலும் அரசுக்கு நஷ்டம் இல்லை என்ற கணக்கு. ஆக, பேத்திக்கு பேட்டர்ன் தாள் கடத்தி வந்தது பாட்டிகள்.

இன்னும் கிழக்கே, சோவியத் யூனியன். இங்கே தையல் மிஷினுக்குப் பஞ்சமில்லை. அமெரிக்க சிங்கர் கம்பெனி 1900களின் தொடக்கத்திலேயே மாஸ்கோவுக்குப் பக்கத்தில் பொடோல்ஸ்கில் பெரிய ஆலை கட்டியிருந்தது. புரட்சிக்குப் பிறகு அதை அரசு எடுத்துக்கிட்டது. 'சைக்கா'ன்னு, கடற்பறவைன்னு அர்த்தம், அந்தப் பேரில் பிற்காலத்தில் அங்கிருந்து வந்த மிஷின்கள் வீட்டுக்கு வீடு இருந்தன. பள்ளிக்கூடத்தில் பெண் பிள்ளைகளுக்குத் தையல் ஒரு பாடம். 'ரபோட்னிட்சா', அதாவது 'தொழிலாளிப் பெண்' என்ற பத்திரிகை, அரசியல் கட்டுரைகளோடு பேட்டர்னும் கொடுத்தது. ரிகாவிலிருந்தும் தாலினிலிருந்தும் வந்த ஃபேஷன் பத்திரிகைகளுக்குத் தனி மவுசு. அந்த பால்டிக் ஊர்கள்தான் அவங்களுக்கு 'கிட்டத்தட்ட மேற்கு'.

மிஷின் இருக்கு, கை இருக்கு, ஆசை இருக்கு. கடையில்தான் ஒண்ணும் இல்லை. ஒரே மாதிரி கோட்டு ஆயிரக்கணக்கில் தொங்கும்.

1987 மார்ச் 3. மாஸ்கோவில் தொழிற்சங்க மாளிகையின் தூண் மண்டபம். ஸ்டாலின் இறந்தப்போ 1953-ல் உடலை மக்கள் பார்வைக்கு வெச்ச அதே மண்டபம். அங்கே ஃபேஷன் ஷோ. 'புர்டா மோடன்' ரஷ்ய மொழிப் பதிப்பின் தொடக்க விழா. கோர்பச்சேவ் ஆட்சிக்கு வந்து ரெண்டு வருஷம். அவர் மனைவி ரைசாவின் ஆதரவு இந்த முயற்சிக்கு இருந்தது. எஞ்சின் தொழிலாளி மகள் என்னேவுக்கு அப்போ 77 வயசு. சோவியத் யூனியனுக்குள் ரஷ்ய மொழியில் வந்த முதல் மேற்கத்திய வணிகப் பத்திரிகை எதுன்னு கேட்டா, அரசியல் பத்திரிகையோ பொருளாதாரப் பத்திரிகையோ இல்லை. இதுதான்.

ஏன் இதை விட்டாங்க? என் ஊகத்தைச் சொல்றேன். மத்த ஃபேஷன் பத்திரிகை 'வாங்கு'ன்னு சொல்லும். கடை காலியா இருக்கிற நாட்டில் அந்த வார்த்தை ஆபத்து. புர்டா 'தை'ன்னு சொல்லுது. வேலை செய், சிக்கனமா இரு, உன் கையால செஞ்சுக்கோ. கட்சிக்காரருக்கும் இதில் குறை சொல்ல ஒண்ணும் இல்லை.

ஆனா வாசகி அதை எப்படி எடுத்துக்கிட்டாள் என்பது வேறு. ஒரு இதழ் கைக்கு வந்தா அது அவளுக்குப் பல மாச வேலை. எஞ்சினியரிங் ஆபீஸில் வேலை செய்யற தோழி இருந்தா ட்ரேசிங் பேப்பர் கிடைக்கும். இல்லைன்னா பழைய செய்தித்தாள். இதழ் இரவல் வந்ததா இருந்தா ராத்திரியோட ராத்திரியா தாளை நகல் எடுக்கணும். அப்புறம் துணி தேடணும். அந்த வருஷங்களில் மாஸ்கோ மெட்ரோவில் கடையில் எங்கேயும் விற்காத ஒரு கோட்டைப் போட்டுக்கிட்டு ஒரு பெண் வந்தா, எதிரில் உட்கார்ந்திருக்கிற இன்னொரு பெண்ணுக்கு அது எந்த மாச இதழ்னு தெரிஞ்சிருக்கும். ரெண்டு பேருக்கு நடுவில் அப்படி ஒரு மௌனமான கண்டுபிடிப்பு.

இதை ரொம்ப அழகாக்கிச் சொல்லவும் எனக்குப் பயமா இருக்கு. இந்தப் பெண்கள் முழு நேர வேலைக்குப் போனாங்க. சாயங்காலம் கடை வரிசையில் நின்னாங்க. சமைச்சாங்க. அதுக்கு அப்புறம் ராத்திரி மிஷினில் உட்கார்ந்தாங்க. தைக்கப் பிடிக்காத பெண்ணும் இருந்திருப்பா. அவளுக்கு என்ன வழி? ஃபேஷன் பத்திரிகையைப் பார்த்து சந்தோஷப்படறதுக்கு முன்னாடியே டாட் பிடிக்கத் தெரிஞ்சிருக்கணும் என்பது கொடுமைதான்.

சுவர் 1989-ல் விழுந்தது. கடைகள் நிறைஞ்சன. சிபில்லே 1995-ல் நின்னுபோச்சு. ரஷ்யாவில் பெரிய கட்டம் போட்ட பைகளில் துருக்கியிலிருந்து மூட்டை மூட்டையா ரெடிமேட் வந்து சந்தையில் இறங்கியது. என்னே புர்டா 2005-ல் இறந்தார். அவர் பத்திரிகை இன்னும் வருது, தாளோட.

கடைசியா ஒண்ணு. என் கட்டிலில் விரிச்ச அந்தத் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிச்சப்போ ஒரு கோடு மட்டும் மினுக்கியது. உத்துப் பார்த்தா பொடிப் பொடியா ஓட்டைகள். பல் வெச்ச சின்னச் சக்கரத்தை உருட்டி யாரோ கோட்டைக் கீழே இருந்த தாளில் பதிச்சிருக்காங்க. பச்சைக் கோடு, அளவு 44. அம்மா பத்திரிகையில் தேடிப் பார்த்து எந்த உடைன்னு சொன்னாங்க. காலர் வெச்ச, முன்னால் பட்டன் போட்ட கவுன். பின்பக்கம் விரலால் தடவினா இன்னும் அந்த ஓட்டைகள் சொரசொரன்னு தட்டுப்படுது.