கொள்ளிடம் – வீராணம் பகுதியில் மீன்பிடி விதிகளின் வரலாறு

கொள்ளிடம் ஆற்றின் குறுக்கே அணைக்கரையில் உள்ள கீழணையும், அங்கிருந்து வடவாறு வழியாக நீர் பெறும் காட்டுமன்னார்கோயில் வீராணம் ஏரியும் தமிழ்நாட்டின் உள்நாட்டு மீன்பிடி வரலாற்றில் குறிப்பிடத்தக்க இடம் பெற்றவை. எந்த வலையை வீசலாம், எந்த முறையில் மீன் பிடிக்கக்கூடாது, மீன் பிடிக்கும் உரிமை யாருக்கு உண்டு என்பன குறித்துப் பல நூற்றாண்டுகளாக இந்நீர்நிலைகளில் விதிகள் இருந்து வந்துள்ளன. இருப்பினும் கொள்ளிடத்தின் பெயர்பெற்ற மீனான உல்லத்தை அவ்விதிகளால் காக்க இயலவில்லை. விதிகள் மீனவரின் வலையைக் கட்டுப்படுத்தின. மீன் செல்லும் வழியை அடைத்த அணையை அவை தொடவில்லை.

பாசிப்பாட்டம்

வீராணம் ஏரி முதலாம் பராந்தக சோழன் (907–955) காலத்தில் வெட்டப்பட்டது. அவனுடைய விருதுப்பெயரான வீரநாராயணன் என்பதே ஏரிக்குப் பெயராயிற்று. அதே மன்னன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) ஊர்ச்சபையில் ஏரி வாரியம் என்றொரு குழு இயங்கியதைக் கூறுகின்றன.

ஏரியில் மீன் பிடிக்கும் உரிமைக்குச் செலுத்தப்பட்ட வரி, இடைக்காலக் கல்வெட்டுகளில் பாசிப்பாட்டம் எனப்படுகிறது. இவ்வருவாய் ஏரியைப் பழுதுபார்க்கவும் செலவிடப்பட்டது. மீன் கொடுத்த பணம் ஏரிக்கே திரும்பிச் சென்றது. இன்றும் ஏரி, குளங்களில் மீன்பிடி உரிமையை ஏலம் விடுவதற்கு 'மீன்பாசிக் குத்தகை' என்றே பெயர். பாசி என்ற அப்பழைய சொல் அரசு அறிவிப்புகளிலும் நிலைத்துவிட்டது.

எழுதப்படாத விதிகளும் இருந்தன. மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டை வட்டாரங்களில் இன்றும் நடைபெறும் மீன்பிடித் திருவிழா அதற்குச் சான்று. அறுவடை முடிந்து கண்மாய் வற்றும் வரை ஒருவரும் வலை வீசுவதில்லை. ஊர்ப் பெரியவர்கள் வெள்ளைத் துண்டை அசைத்த பிறகே ஊத்தா, கச்சா, வலை ஆகியவற்றுடன் மக்கள் நீரில் இறங்குவர். மழைக்காலத்தில் இனம் பெருக்கும் நாட்டு மீன்களுக்கு இவ்வழக்கம் பல மாத ஓய்வைத் தந்தது.

கீழணையும் உல்லமும்

உல்லம் (வங்கத்தில் இலிசு) கடலில் வாழ்ந்து, இனப்பெருக்கத்திற்காக ஆற்றில் ஏறும் மீன். தென்மேற்குப் பருவமழையால் காவிரியில் வெள்ளம் வரும்போது அது கொள்ளிட முகத்துவாரம் வழியாக மேல்நோக்கி நீந்தி, நன்னீரில் முட்டையிடும். குஞ்சுகள் வளர்ந்து கடலுக்குத் திரும்பும்.

1836இல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தில் கீழணையைக் கட்டினார். தென்னார்க்காடு, தஞ்சை மாவட்டங்களின் பாசனம் இதனால் உறுதிப்பட்டது. வீராணத்துக்கும் நம்பகமான நீர் கிடைத்தது. அதே அணை உல்லத்தின் பயணத்தையும் தடுத்தது. மேலே ஏற முடியாமல் அணையின் அடியில் கூட்டமாக நின்ற மீன்களைப் பிடிப்பது மிக எளிதாயிற்று. இதனால் அணை கட்டிய பின் அவ்விடத்தில் மீன் பெருகியது போன்ற தோற்றமும் உண்டாயிற்று. உண்மையில் பிடிபட்டவை முட்டையிடச் சென்றுகொண்டிருந்த தாய் மீன்கள்.

இதனால் கடலோர மீன்வளம் குறையக்கூடும் என்று 1867இல் அரசின் கவனத்துக்குக் கொண்டு வந்தவரும் ஆர்தர் காட்டனே. அணையைக் கட்டிய பொறியாளரே அதன் பக்கவிளைவு குறித்தும் எழுதினார்.

பிரான்சிசு டேயின் ஆய்வு

இதைத் தொடர்ந்து சென்னை மாகாணத்தில் மருத்துவராகப் பணியாற்றிய பிரான்சிசு டே விசாரணையில் ஈடுபடுத்தப்பட்டார். பின்னர் அவர் இந்திய மீன்வளத் தலைமை ஆய்வாளர் ஆனார். ஒவ்வொரு பகுதியிலும் சந்தைக்கு வரும் மீனின் அளவு, பயன்படும் வலைகளின் மிகச் சிறிய கண் அளவு, மீன் குறைந்துள்ளதா என்பன பற்றித் தாசில்தார்களிடம் கேள்விகள் அனுப்பிப் பதில்களைத் தொகுத்தார். அவருடைய அறிக்கை 1873இல் வெளிவந்தது.

டே மூன்று குறைகளை முதன்மையாகச் சுட்டினார். முதலாவது, அணைகள் மீனின் வழியை மறித்தல். இரண்டாவது, சிறுகண் வலைகளால் குஞ்சுகளை அள்ளுதல். மூன்றாவது, மழைக்காலத்தில் வாய்க்கால்களிலும் வயல் மடைகளிலும் பறி வைத்து, முட்டையிட ஏறிவரும் ஏத்துமீன்களையும் குஞ்சுகளையும் பிடித்தல். அணைகளில் மீன்வழி அமைத்தல், வலைக்கண்ணுக்குக் குறைந்த அளவு விதித்தல், நிலையான பொறிகளைத் தடுத்தல் ஆகியவற்றை அவர் வலியுறுத்தினார். ஏழைகளின் உணவில் கைவைப்பதாகவும், கீழ்நிலை அலுவலர்களின் கெடுபிடிக்கு இடம் தருவதாகவும் இத்தகைய சட்டம் அமையும் என்ற எதிர்ப்பு எழுந்தது. சட்டம் வர மேலும் ஏறத்தாழ கால் நூற்றாண்டு ஆயிற்று.

1897ஆம் ஆண்டு மீன்வளச் சட்டம்

இந்திய மீன்வளச் சட்டம் 1897இல் இயற்றப்பட்டது. வெடி வைத்தோ நஞ்சு கலந்தோ மீன் பிடிப்பதை அது குற்றமாக்கியது. இரண்டு மாதம் வரை சிறை அல்லது 200 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். நிலையான பொறிகள், தடுப்புகள், வலைகளின் அளவு, பயன்படுத்தும் முறை ஆகியவை குறித்து விதி செய்யும் அதிகாரத்தை மாகாண அரசுகளுக்கு வழங்கியது. குறிப்பிட்ட நீர்நிலையில் இரண்டு ஆண்டுகளுக்கு மிகாமல் மீன்பிடிப்பை முழுதும் தடை செய்யவும் இடம் தந்தது.

இச்சட்டம் மீனவர் வைக்கும் தடுப்பைக் குறித்துப் பேசியது. அரசு கட்டும் பாசன அணையில் மீனுக்கு வழி விட வேண்டும் என்ற கடமையை அது விதிக்கவில்லை. மீன்வழிகளுக்கு அக்காலத்தில் எடுத்துக்காட்டாக இருந்தவை ஐரோப்பியச் சால்மன் மீனுக்கான படிகள். சால்மன் நீர்ப்படிகளைத் தாவி ஏறும். உல்லம் தாவும் மீன் அன்று.

செயற்கைப் பொரிப்பும் மேட்டூரும்

பிரடெரிக் நிக்கல்சன் வழிகாட்டலில் 1907இல் சென்னை மாகாண மீன்வளத் துறை தோன்றியது. வழியைத் திறக்க முடியாத நிலையில், குஞ்சுகளைத் தாமே உருவாக்கி ஆற்றில் விட அத்துறை முயன்றது. கொள்ளிடத்தில் உல்லத்தின் முட்டைகளை எடுத்துச் செயற்கையாகக் கருவுறச் செய்யும் சோதனைகள் நடந்தன. இதைப் பற்றி பி. சுந்தரராஜ் 1917இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். இந்திய மீனியலில் இது முன்னோடிப் பணியாகும்.

1934இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்டதும் காவிரியின் வெள்ளப்பெருக்கு கட்டுக்குள் வந்தது. உல்லத்தைக் கடலிலிருந்து அழைத்து வந்தது அந்த வெள்ளமே. அதன் பின் காவிரி, கொள்ளிடத்தில் உல்லம் மீன்பிடிப்பு நலிவுற்றது.

வங்கத்தின் அனுபவம்

இதே மீன் வங்கதேசத்தில் வேறு வரலாற்றைக் கொண்டது. அங்கு முட்டையிடும் காலமான அக்டோபரை ஒட்டி 22 நாள் தடை, நவம்பர் முதல் சூன் வரை குஞ்சுகளைப் பிடிக்கத் தடை, தடைக்காலத்தில் மீனவர் குடும்பங்களுக்கு அரிசி ஆகிய ஏற்பாடுகள் உள்ளன. 2000களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 இலட்சம் டன்னாக இருந்த பிடிப்பு, 2017–18இல் 5 இலட்சம் டன்னைக் கடந்தது. அங்கு மேகனா ஆற்றின் முகத்துவாரம் திறந்தே உள்ளது. மாறாக, இந்தியப் பகுதியில் 1975இல் பரக்கா தடுப்பணை இயங்கத் தொடங்கியபின், முன்பு அலகாபாத் வரை சென்ற உல்லத்தின் வரவு மேல்கங்கையில் பெரிதும் குறைந்தது. ஆற்றின் வழி திறந்திருந்த இடத்தில் தடைக்காலம் பலன் தந்துள்ளது.

ஏரி மீன்களும் குத்தகையும்

ஏரிக்குள்ளேயே வாழ்ந்து இனம் பெருக்கும் மீன்களின் நிலை வேறு. விரால் கரையோரச் செடிகளுக்கிடையே கூடு அமைத்து முட்டையிடும். செந்நிறக் குஞ்சுகள் திரளாக நீந்தும்போது பெற்றோர் உடனிருந்து காக்கும். அந்நேரத்தில் பெரிய மீனைப் பிடித்தால், காவலற்ற குஞ்சுகளைப் பிற மீன்கள் தின்றுவிடும்.

பனி உறைந்த ஏரிகளில் துளையிட்டுத் தூண்டில் போடும் வட அமெரிக்காவிலும் இதையொத்த சிக்கல் உண்டு. அங்குள்ள புளூகில் என்ற சிறு மீனில் பெரிய ஆண் மீன்களே கூட்டைக் காக்கின்றன. அவை பிடிக்கப்பட்டுவிட்டால் சிறிய ஆண்கள் விரைவிலேயே முதிர்ந்து, வளராமல் நின்றுவிடுகின்றன. ஏரியில் மீன் இருக்கும். பெரிய மீன் இராது. இதனால் மின்னசோட்டா மாநிலம் 2021இல் பல ஏரிகளில் ஒருவர் ஒரு நாளில் பிடிக்கக்கூடிய எண்ணிக்கையை 5 அல்லது 10 ஆகக் குறைத்தது.

தமிழ்நாட்டு ஏரிகளில் மீனின் நிலையைப் பெரிதும் தீர்மானிப்பது குத்தகை முறை. குறுகிய காலக் குத்தகை எடுத்தவர் காலம் முடியுமுன் இயன்றவரை பிடித்துவிடவே முனைவார். தாய் மீனை விட்டுவைத்தால் அதன் பலன் அடுத்த குத்தகைதாரருக்கே செல்லும். 1957இல் ஹீராலால் சௌத்ரி ஒடிசாவின் அங்குலில் தூண்டல் முறையில் கெண்டை இனங்களை முட்டையிடச் செய்து வெற்றி கண்டபின், கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகள் பொரிப்பகங்களிலிருந்து ஏரிகளுக்கு வரத் தொடங்கின. இம்மீன்கள் ஏரியின் தேங்கிய நீரில் இனம் பெருக்குவதில்லை. ஆண்டுதோறும் விடப்பட வேண்டும். 1952இல் இந்தியாவுக்குள் வந்த திலேப்பியா (ஜிலேபிக் கெண்டை) தானாகவே பெருகி நாட்டு மீன்களின் இடத்தைப் பிடித்தது.

1,465 மில்லியன் கன அடி கொள்ளளவும் 47.5 அடி முழு நீர்மட்டமும் கொண்ட வீராணம் ஏரி, 2004 முதல் சென்னைக்குக் குடிநீரும் தருகிறது. ஏரியின் நீர்மட்டத்தைப் பாசனமும் குடிநீரும் முடிவு செய்கின்றன. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை நடைமுறையில் உள்ள 61 நாள் தடைக்காலம் கடலுக்கு உரியது, ஏரிக்குப் பொருந்தாது. விரால், கெளுத்தி, நாட்டுக் கெண்டை போன்றவை தழைக்கப் பருவமழையின் முதல் வாரங்களில் கரையோர ஆழமற்ற நீரும், வலையும் பறியும் இல்லாத ஓய்வும் ஒருங்கே தேவை. 150 ஆண்டுகளுக்கு முன் பிரான்சிசு டே வயல் மடைகளில் கண்டு எழுதிய சிக்கலும் இதுவே.