அஸ்ஸூலியின் வைரமும் கணிப்பொறியின் கணக்கும்

பாரதத்தில் சதுரங்கமாய்த் தோன்றிப் பாரசீகம் வழியே அரபுலகை அடைந்து ஷத்ரன்ஜ் எனப் பெயர் பூண்ட ஆட்டத்தின் வரலாற்றில், அபூபக்ர் அஸ்ஸூலியின் பெயர் தனித்து விளங்குகிறது. இலக்கியத்திலும் வரலாற்றிலும் வல்லவரான இவர், அப்பாசியக் கலீஃபா அல்முக்தஃபீயின் (902–908) அவையில், அரசரின் ஆதரவு பெற்ற ஆட்டக்காரர் அல்மாவர்தீயை வென்று புகழெய்தினார்.

அவர் விட்டுச்சென்ற புதிர் ஒன்று இன்று ‘அஸ்ஸூலியின் வைரம்’ எனப்படுகிறது. பலகையில் நான்கே காய்கள்: இருதரப்பிலும் ஓர் அரசன், ஒரு ஃபிர்ஸான். அக்காலத்து ஃபிர்ஸான் இன்றைய ராணியன்று. மூலைவாட்டில் ஒரு கட்டமே நகரும். அதனை வெட்டி எதிரியின் அரசனைத் தனியனாக்கினால் வெற்றி. தம்மிடம் கற்றவரன்றி வேறெவரும் இதனை விடுவிக்க இயலாது என்றார் அஸ்ஸூலி. அவருடைய விளக்கம் நமக்கு வந்து சேரவில்லை. ஆயிரம் ஆண்டுகள் கழிந்து, 1980களில், ரஷ்ய கிராண்ட்மாஸ்டர் யூரி அவெர்பாக் அதனை விடுவித்தார்.

இன்றைய கணிப்பொறிக்கு நான்கு காய்கள் பெரிதல்ல. முடிந்த ஆட்டங்களிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, எல்லா நிலைகளுக்கும் அட்டவணை வகுத்துவிடும். முழு ஆட்டத்திலும் அதன் வலிமை எண்ணிக்கையே. 1997ஆம் ஆண்டு மே மாதம் நியூயார்க்கில் காஸ்பரோவை 3½–2½ என வென்ற டீப் புளூ, நொடிக்கு ஏறத்தாழ 20 கோடி நிலைகளை ஆராய்ந்தது. மனிதன் காண்பதோ சிலவே. எவற்றைக் காண வேண்டுவதில்லை என்பதை அவன் பழக்கத்தால் அறிவான்.

ஆயினும் இவ்வேறுபாட்டை நாம் பெருமையாகக் கொள்வதற்கில்லை. 2017இல் வெளிப்பட்ட ஆல்ஃபாஸீரோ தன்னோடு தானே ஆடிப் பயின்றது. நொடிக்கு 80,000 நிலைகளையே நோக்கி, 7 கோடி நோக்கிய ஸ்டாக்ஃபிஷை வென்றது. தேர்ந்து நோக்கும் திறன் இயந்திரத்துக்கும் வாய்த்துவிட்டது.

அங்ஙனமாயின் எஞ்சுவது யாது? அட்டவணை, ‘இதனை நகர்த்துக’ என்று மட்டுமே கூறும், ‘ஏன்?’ என்று வினவும் மாணவனுக்கு அதனிடம் மறுமொழி இல்லை. அவெர்பாக்கைப் போன்ற மனிதர் அதனைத் தாம் விளங்கிப் பிறர்க்கும் விளக்க வல்லவர்.

ஓதிக்கொடுப்பதையே வாழ்வாகக் கொண்ட நம்மனோர்க்கு இதில் படிப்பினை உண்டு. அஸ்ஸூலியின் அறிவு குறைவானதன்று. ஆசிரியர்–மாணவர் சங்கிலி அறுந்தது, ஆகவே விடை பத்து நூற்றாண்டுகள் மறைந்திருந்தது. இன்றோ விடைகள் மலிந்துள்ளன. விளக்கம் கேட்போர் குறைகின்றனர். விடையைக் காப்பதால் மட்டும் கல்வி காக்கப்படுவதில்லை. விளக்கும் நாவும் வினவும் செவியும் உள்ளவரையே அது வாழும்.