வாட்ச்மேன் நோட்டும் ராத்திரி டவுன்லோடும்

மக்களே, கொஞ்சம் பழைய கதைங்க. வரலாறுன்னா சோழனும் பாண்டியனும் மட்டும்தானா, நம்ம வீட்டு மோடத்துக்கும் ஒரு வரலாறு இருக்குது :-)

2004 அக்டோபர்ல மத்திய அரசு பிராட்பேண்ட் கொள்கைன்னு ஒண்ணு வெளியிட்டுச்சு. குறைஞ்சது 256 கேபிபிஎஸ் வேகம் இருந்தா அது பிராட்பேண்ட். 2005 ஜனவரியில பி.எஸ்.என்.எல். 'டேட்டாஒன்' வந்தது. அதே போன் கம்பியில இணையம், கூடவே போனும் பேசலாம். டயல்-அப்ல கொரகொரன்னு சத்தம் கேட்டுட்டுக் கிடந்த நமக்கு அது சொர்க்கம்.

எங்க சிங்காநல்லூர் வீட்டுக்கு 2006-ல இணைப்பு வந்துச்சு. யாரோட இணைப்பு, எந்தக் கம்பெனி பொட்டிங்கறது இங்க வேண்டாம். ராத்திரி 2 மணியிலிருந்து காலை 8 மணி வரைக்கும் எவ்வளவு இறக்கினாலும் காசு இல்லைங்கற திட்டம். கணக்குப் போட்டுப் பாருங்க: 256 கேபிபிஎஸ்னா நொடிக்கு 32 கேபி. ஆறு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 690 எம்பி. அதாவது ஒரு ராத்திரிக்கு ஒரு சிடி!

பொள்ளாச்சியில கம்ப்யூட்டர் சென்டர் வெச்சிருந்த நண்பனுக்கு உபுண்டு 6.06 தேவைப்பட்டுச்சு. தபால்ல இலவசமாவே அனுப்புவாங்க, ஆனா வந்து சேர வாரக்கணக்காகும். அவனுக்குத் திங்கக்கிழமை புது பேட்ச். "நான் இறக்கித் தர்றேன்டா"ன்னு வாக்குக் குடுத்துட்டேன்.

ரெண்டு மணிக்கு டாரண்ட்டை ஓடவிட்டுப் படுத்தா, காலையில 4 சதவீதம்ல நிக்குது. எந்தப் பக்கமும் திறக்கல. பொட்டியை அணைச்சுப் போட்டா சரியாகுது. மறுநாளும் அதே. மொதல்ல சூடுன்னு நினைச்சு பொட்டிக்கு டேபிள் ஃபேன் வெச்சேன். அப்புறம் பக்கத்து வீட்டு போர் மோட்டார் மேல சந்தேகம். அதைப் போட்டா எங்க வீட்டு டியூப்லைட்டே மங்கும். அடாப்டரைத் தூக்கிட்டு மோட்டாருக்குக் காயில் கட்டற கடைக்குப் போனேன். அண்ணன் மல்டிமீட்டர் வெச்சுப் பார்த்துட்டு "வோல்டேஜ் சரியாத்தான் வருதுங்"னு திருப்பிக் குடுத்துட்டார். டீக்காசு கூட வாங்கல.

மிச்சம் இருந்தது லைன்மேன். ஒரே வாரத்துல மூணு தடவை அவரைக் கூப்பிட்டு, கடைசியில கத்தியும் விட்டேன். வயசுல எங்கப்பா மாதிரி. அவர் பதிலுக்குச் சத்தம் போடல. "தம்பி, நெட்டு நின்னு கெடக்கறப்போ இந்த டிஎஸ்எல் லைட்டைப் பாருங். லைனு போச்சுன்னா இது மினுக்கோணும். அசையாம எரிஞ்சா லைன் மேல தப்பில்லீங்." அன்னிக்கு ராத்திரி நெட்டு நின்னப்போ எந்திரிச்சுப் பார்த்தேன். லைட்டு அசையாம எரிஞ்சுட்டு இருந்துச்சு. வெக்கமாப் போச்சு.

அப்புறம்தான் ஒழுங்கா யோசிச்சேன். அதே சிடியை பிரவுசர்ல நேரா இறக்கிப் பார்த்தா மூணு மணி நேரம் பொட்டி நிக்கவே இல்ல. நடுவுல கரண்டு போய், எல்லாம் மறுபடி முதல்ல இருந்து. (டவுன்லோட் மேனேஜர் போட்டிருக்கலாமேன்னு கேப்பீங்க. அப்போ தோணல, விடுங்க.) அதே வேகம், அதே சூடு. டாரண்ட்னா மட்டும் சாகுது. அப்போ பாரம் காரணமில்ல, எண்ணிக்கை.

இங்கதான் வரலாறு வருது. ஐபி முகவரி 32 பிட். மொத்தம் 429 கோடிதான் தேறும். பத்தாதுன்னு தெரிஞ்சு 1994 மே மாசம் எகெவாங், ஃபிரான்சிஸ்னு ரெண்டு பேர் ஒரு வழி எழுதினாங்க, ஆர்எஃப்சி 1631. உள்ளே எத்தனை கம்ப்யூட்டர் இருந்தாலும் வெளிய சில முகவரிகளைப் பகிர்ந்துக்கலாம். 'நாட்'னு பேரு. நிரந்தரத் தீர்வு வர்ற வரைக்கும் இது தற்காலிக ஏற்பாடுதான்னு அந்த ஆவணமே சொல்லுது. நம்ம ஊர்ல தற்காலிகமாப் போட்ட தகரக் கொட்டகை எத்தனை வருஷம் நிக்கும்னு உங்களுக்குத் தெரியாதா?

அப்புறம் ஒரே முகவரியை வீடு மொத்தமும் பங்கு போட, போர்ட் எண்ணையும் மாத்தற பழக்கம் வந்துச்சு. அதுக்குப் பொட்டி ஒரு கணக்கு வெச்சாகணும். மில் கேட்ல வாட்ச்மேன் நோட்டு மாதிரி: யார் வெளிய போனா, யார் திரும்பி வந்தா. வலைப்பக்கம் பார்க்கற ஆளுக்குப் பத்து இருபது வரி போதும். ஆனா 2001 ஜூலையில பிராம் கோஹன் பிட்டாரண்ட்டை வெளியிட்டுட்டார். ஒரே கோப்புக்கு நூத்துக்கணக்கான பேர்கிட்ட கதவு தட்டற வேலை. பாதிப்பேர் சொல்லாமக் கொள்ளாம கம்ப்யூட்டரை அணைச்சுட்டுப் போயிடுவாங்க. லினக்ஸ் பொட்டிகள்ல அப்படிப் பாதியில போன டிசிபி இணைப்பை நோட்டுல வெச்சிருக்கற வழக்கமான கெடு எவ்வளவு தெரியுமா? 4,32,000 நொடி. அஞ்சு நாளுங்க! 16 எம்பி நினைவகம்னா நோட்டுல மொத்தமே 1,024 வரி. எழுத இடமில்லைன்னா வாட்ச்மேன் புதுசா யாரையும் விடமாட்டார்.

என் பொட்டிக்குள்ளயும் லினக்ஸ்தான். முன்கூட்டியே டெல்நெட்ல உள்ளே போய் உக்காந்து, டாரண்ட்டை விட்டு எண்ணிக்கையைப் பார்த்தேன். 300, 600, 900... ஆயிரத்தைத் தாண்டினதும் பிரவுசர் நின்னுச்சு. டிஎஸ்எல் லைட்டு மட்டும் அசையாம எரியுது.

டாரண்ட்ல இணைப்பை 200-லிருந்து 50-ஆக் குறைச்சு, டிஹெச்டியை அணைச்சேன். ஒரு மணி நேரம் கூடத் தாக்குப் பிடிச்சுது, அவ்வளவுதான். கடைசியில பொட்டியை பிரிட்ஜ் மோடுக்கு மாத்தி, கம்ப்யூட்டரே பிபிபிஓஇ-ல டயல் பண்ற மாதிரி வெச்சேன். இப்போ பொட்டி வெறும் கம்பி, நோட்டே கிடையாது. கம்ப்யூட்டர் நேரா வெளிய தெரியும்ங்கறதால எக்ஸ்பியில ஃபயர்வாலைச் சரிபார்த்துக்கிட்டேன். ஞாயித்துக்கிழமை காலையில ஏழேகாலுக்கு 100 சதவீதம். சிடி எழுதி, உக்கடத்துல பொள்ளாச்சி பஸ் ஏறிட்டேன்.

ஆசியா-பசிபிக்குக்கு ஐபிவி4 முகவரி கடைசிக் கட்டத்துக்கு வந்தது 2011 ஏப்ரல்ல. ஐபிவி6-ல நாட் வேலை தேவையில்ல, ஆனா அந்த 1994 கொட்டகை இன்னும் வீட்டுக்கு வீடு நிக்குது. நோட்டு மட்டும் பெருசாயிடுச்சு.

லைன்மேன் அண்ணனை அடுத்த மாசம் தெருமுனைப் பில்லர் பாக்ஸ்கிட்ட பார்த்தேன். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "அட போங் தம்பி"ன்னு சிரிச்சுட்டு, கையில இருந்த ஒயரைச் சீவறதுலயே இருந்தார்.